‘தெரியல’ என்கிறார், ஆனால் விலகி நடக்கிறார்!

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 67 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் ஸ்ட்ரோக் வந்தது. மூளையின் பின்பக்கத்தில், வலது புறம் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். கை, கால், பேச்சு எல்லாம் நன்றாக இருக்கின்றன. இடது பக்கப் பார்வை மட்டும் போய்விட்டது. தட்டில் இடது பாதியில் இருப்பதைச் சில நாள் அப்படியே வைத்துவிடுகிறார். நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்கிறார். ஆனால் சில நேரம் வேறு மாதிரி நடக்கிறது. போன வாரம் நடைவழியில் இடது ஓரமாக யாரோ ஸ்டூலைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நேராக வந்த அப்பா, ஸ்டூல் பக்கத்தில் வந்ததும் உடம்பை ஒதுக்கிக்கொண்டு போனார். “ஸ்டூல் தெரிஞ்சுதாப்பா?” என்றேன். “எந்த ஸ்டூல்?” என்றார். என் பையன் இடது பக்கமாக ஓடினால் சட்டென்று திரும்புகிறார். கேட்டால் “என்னமோ தோணுச்சு” என்கிறார். “வேணும்னா தெரியுது, வேண்டாம்னா தெரியல, நல்லா நடிக்கிறார்” என்று அண்ணன் சொன்னது அப்பா காதிலும் விழுந்துவிட்டது. அதிலிருந்து அவர் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதே அண்ணன்தான் ஒரு ஆடியோவும் இறக்கி வைத்திருக்கிறான். இசைக்கு அடியில், காதுக்குக் கேட்காத குரலில் ‘உன் பார்வை திரும்புகிறது’ என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம். தூங்கும்போது போட்டுவிட்டால் ஆழ்மனம் அதை எடுத்துக்கொண்டு மூளையைச் சரிசெய்துவிடுமாம். அப்பா நடிக்கிறாரா? நமக்கே தெரியாமல் மூளை பார்க்குமா? அந்த ஆடியோவைப் போடலாமா? இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அண்ணனும் அண்ணியும் அப்பாவின் இடது பக்கம் நின்றுகொண்டு அவரைப் பற்றி முகத்தாலேயே ஜாடை காட்டிக்கொள்கிறார்கள். அது அவருக்குத் தெரியுமா?

— பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: நடிக்கிறார் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. கண் தெரியாதவர் போல நடிப்பவர், நாலு பேர் பார்க்க ஸ்டூலில் போய் முட்டிக்கொள்வார். விலகி நடந்துவிட்டு ‘எந்த ஸ்டூல்?’ என்று கேட்கமாட்டார். நடிப்பவருக்குத் தன் பொய் எங்கே வெளுக்கும் என்கிற கவனம் எப்போதும் இருக்கும். உங்கள் அப்பாவிடம் அது இல்லை.

உங்கள் அண்ணன் சந்தேகப்படுவதற்கும் ஒரு காரணம் உண்டு. பெரும்பாலானோர் மனதில் ஸ்ட்ரோக் என்றால் கை விழ வேண்டும், வாய் கோண வேண்டும், நாக்கு குழற வேண்டும். மூளையின் பின்பகுதிக்குப் போகும் குழாய் அடைத்தால் இவை எதுவும் நடக்காமல் போகலாம். ஆள் எழுந்து நடப்பார், செய்தித்தாள் கேட்பார், வாக்குவாதம் செய்வார். பார்வையில் பாதி மட்டும் காணாமல் போயிருக்கும். வெளியே தெரியாத ஊனத்துக்கு வீட்டில் மரியாதை குறைவுதான். இதை என்னிடம் வரும் பல குடும்பங்களில் பார்க்கிறேன்.

எது போயிருக்கிறது என்பதை முதலில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். போனது இடது கண் அல்ல, இடது பக்கம். நாம் எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அதற்கு இடப்புறம் உள்ளவை எல்லாம் இரண்டு கண்களிலும் விழித்திரையின் வலது பாதியில் விழுகின்றன. அங்கிருந்து வரும் நரம்புகள் இரண்டும் சேர்ந்து மூளையின் வலது புறத்துக்கே போகின்றன. அதனால் அப்பா எந்தக் கண்ணை மூடினாலும் இடப்புறம் இருக்காது. கண்கள் ஆரோக்கியமாகவே இருக்கும். கண்ணாடியை மாற்றினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி ஸ்டூல். மூளை விசித்திரம் என்று பேசுவதற்கு முன், சாதாரணமான விளக்கங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். நடைவழியின் அந்தக் கோடியில் அப்பா நிற்கும்போது, இடது ஓரத்து ஸ்டூல் அவருக்கு இடப்புறம் அல்ல, ஏறக்குறைய நேர் எதிரே இருக்கிறது. தலை கொஞ்சம் இடப்பக்கம் திரும்பினாலே அது நல்ல பார்வைக்குள் வந்துவிடும். கிட்டே வரவரத்தான் அது ஓரத்துக்கு நகர்ந்து, இருண்ட பக்கத்துக்குள் போய் மறைகிறது. அதாவது, ஸ்டூல் சில நொடிகளுக்கு முன் அவர் கண்ணில் பட்டிருக்கலாம்; அவர் அதைக் கவனிக்காமலேயே மூளை இடத்தைக் குறித்து வைத்திருக்கலாம். பேசிக்கொண்டே நடக்கும்போது வழியில் கிடந்த பையைத் தாண்டி வந்துவிட்டு, ‘பையா? எங்கே?’ என்று நாமும்தான் கேட்கிறோம். பேரன் விஷயம் இன்னும் எளிது: ஓடுகிற பிள்ளைக்குக் காலடிச் சத்தம் இருக்கிறது. இடது காது நன்றாகத்தானே இருக்கிறது?

இன்னொரு சாத்தியம், இடப்புறத்தில் பார்வை முழுதாகப் போகாமல் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பிழைத்திருப்பது. இது பார்வைப் புலப் பரிசோதனையில் தெரியவரும். ‘பெரிமெட்ரி’ அல்லது ‘ஃபீல்ட் டெஸ்ட்’ என்பார்கள். நடுப்புள்ளியை விட்டுப் பார்வையை நகர்த்தாமல் உட்கார்ந்து, ஓரங்களில் சிறு ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். அப்பாவுக்கு இந்தச் சோதனை நடந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நடக்கவில்லை என்றால் செய்துவிடுங்கள். கூடவே அண்ணனையும் அழைத்துப் போங்கள். பாதி கறுப்பாக அச்சாகி வரும் அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் நடிப்பு என்று சொல்பவர்கள் குறைவு.

இவை எல்லாவற்றையும் கழித்த பிறகும் சிலரிடம் ஏதோ மீதி நிற்கிறது. மருத்துவ உலகத்தையே ஐம்பது ஆண்டுகளாகக் குழப்பிவரும் விஷயம் அது.

1917 இல் ஜார்ஜ் ரிடாக் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், முதல் உலகப் போரில் பின்மண்டையில் குண்டுபட்ட வீரர்களைப் பரிசோதித்தார். பார்வை போன பக்கத்தில் ஒரு பொருளை அசையாமல் வைத்தால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அதையே அசைத்தால், என்ன பொருள், என்ன நிறம் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ‘ஏதோ நகர்கிறது’ என்றார்கள். பேரன் ஓடும்போது உங்கள் அப்பா சொல்லும் ‘என்னமோ தோணுச்சு’ இதற்கு வெகு அருகில் இருக்கிறது.

அடுத்த பெரிய அடி 1970-களில் விழுந்தது. டி.பி. என்ற முதலெழுத்துகளால் மட்டுமே அறியப்பட்ட ஒருவருக்கு, தாங்கமுடியாத தலைவலிக்குக் காரணமாக இருந்த ரத்தக் குழாய்ப் பின்னலை நீக்க அறுவை சிகிச்சை நடந்தது. வலது பின்மூளையில் பார்வைப் பகுதியும் சேர்ந்து போனது. உங்கள் அப்பாவைப் போலவே இடப்புறம் இருண்டது. லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் அவரை ஒரு திரை முன் உட்கார வைத்து, பார்வை போன பக்கத்தில் வெளிச்சப் புள்ளியைக் காட்டினார்கள். ‘எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் ‘எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே’ என்பார். ‘பரவாயில்லை, சும்மா குத்துமதிப்பாகக் கை காட்டுங்கள்’ என்றால், கை கிட்டத்தட்ட சரியான இடத்துக்குப் போனது. கோடு படுக்கையா, செங்குத்தா என்று ஊகிக்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். முடிவைக் காட்டியபோது அதிர்ந்துபோனவர் அவர்தான். ‘நான் வாயில் வந்ததைத்தானே சொன்னேன்’ என்றார். 1974 இல் இந்த ஆய்வு வெளிவந்தது. பார்வையின்றிப் பார்த்தல் என்று பொருள்படும் ‘ப்ளைண்ட்சைட்’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

சிதறிய வெளிச்சம் நல்ல பக்கத்தில் பட்டிருக்கும், அதை வைத்துச் சொல்லியிருப்பார் என்று எதிர்வாதம் உடனே வந்தது. நியாயமான வாதம்தான். வைஸ்க்ரான்ட்ஸ் அதற்குச் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் எல்லோருக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அங்கே ஒளியை உணரும் செல்களே கிடையாது. டி.பி.யின் இருண்ட பக்கத்தில், ஒளியைச் சரியாக அந்தப் புள்ளியில் விழ வைத்தார்கள். ஒளி சிதறித்தான் அவர் கண்டுபிடிக்கிறார் என்றால் அங்கேயும் கண்டுபிடித்திருக்க வேண்டும். அங்கே மட்டும் தோற்றார். பக்கத்தில் கொஞ்சம் நகர்த்தியதும் மறுபடி ஜெயித்தார்.

எப்படி முடிகிறது? ஒவ்வொரு கண்ணிலிருந்தும் சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் கிளம்புகின்றன. பெரும்பகுதி, மூளையின் நடுவில் ஒரு நிலையத்தில் மாறி, பின்மூளையின் பார்வைப் பகுதிக்குப் போகிறது. அப்பாவுக்கு அடிபட்டது அந்தக் கடைசி இடம். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இழைகள் வேறு வழியில் பிரிந்து நடுமூளைக்குப் போகின்றன. கண்ணையும் தலையையும் சட்டென்று திருப்புவது, வந்து மோதப்போவதிலிருந்து ஒதுங்குவது போன்ற வேலைகள் அங்கே நடக்கின்றன. அசைவைக் கண்டறிவதற்கென்றே இருக்கும் பகுதிக்கும் பின்மூளையைத் தொடாமல் போகும் குறுக்குவழிகள் உண்டு. பழைய பாதைகள் இவை. உருவத்தை, நிறத்தை, ஆளை அடையாளம் காட்ட இவற்றால் முடியாது. ‘நான் பார்த்தேன்’ என்ற அனுபவத்தையும் பெரும்பாலும் இவை தருவதில்லை.

2008 இல் வெளிவந்த ஒரு ஆய்வில் டி.என். என்ற நோயாளி இதன் உச்சத்தைக் காட்டினார். அவரே ஒரு மருத்துவர். அடுத்தடுத்து இரண்டு ஸ்ட்ரோக். இரண்டு பக்கமும் பார்வைப் பகுதி அழிந்து, வெள்ளைக் கோலோடு நடந்துகொண்டிருந்தவர். ஆய்வாளர்கள் ஒரு நீண்ட நடைபாதையில் பெட்டிகளையும் வேறு தடைகளையும் அங்கங்கே வைத்துவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், கோலில்லாமல் நடக்கச் சொன்னார்கள். விழுந்துவிட்டால் பிடிப்பதற்கு ஒருவர் பின்னாலேயே போனார். டி.என். எதிலும் இடிக்காமல், ஒவ்வொன்றாக ஒதுங்கி ஒதுங்கி மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தார். தான் எதையாவது தாண்டி வந்தோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

இதில் கருத்து வேறுபாடு இன்னும் ஓயவில்லை. இவர்களுக்கு மிக மங்கலான ஒரு பிரக்ஞை மிச்சமிருக்கிறது, அதைப் ‘பார்வை’ என்று ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள், அவ்வளவுதான் என்று வாதிடுபவர்கள் உண்டு. சில நோயாளிகளுக்கு அது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். பின்மூளையில் அடிபட்ட எல்லோருக்கும் இந்தத் திறன் இருப்பதும் இல்லை. உங்கள் அப்பாவுக்கு இருக்கிறதா என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது; ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும். அவர் நடிக்கவில்லை என்று சொல்வதற்கு அந்தச் சோதனை தேவையில்லை. ‘தெரியல’ என்று அவர் சொல்வதும் உண்மை, அவர் கால் ஒதுங்கியதும் உண்மை. இரண்டும் மூளையின் வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன.

தட்டில் இடது பாதியை விட்டுவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஸ்டூலைவிட அதுதான் உறுத்துகிறது. பார்வை மட்டும் போனவர்கள் நாளடைவில் ‘அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது’ என்று உணர்ந்து தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார்கள். வேறு சிலருக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே தோன்றாது. சட்டையில் இடது கையை நுழைக்காமல் விடுவார்கள், ஷேவ் செய்யும்போது இடது கன்னத்தை விட்டுவிடுவார்கள். இது கவனத்தின் கோளாறு. ‘நெக்லெக்ட்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஒரு வெள்ளைத் தாளில் கடிகாரம் வரையச் சொல்லிப் பாருங்கள்; எண்களை எல்லாம் வலது பாதியிலேயே நெருக்கி அடைத்தால் டாக்டரிடம் அந்தத் தாளோடு போங்கள். இதற்கான பயிற்சி வேறு.

நெக்லெக்டிலும் இதே விநோதம் உண்டு. ஜான் மார்ஷலும் பீட்டர் ஹாலிகனும் 1988 இல் ஒரு பெண் நோயாளிக்கு இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் இடது பக்கம் தீப்பிடித்து எரிகிறது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன என்றார் அந்தப் பெண். எந்த வீட்டில் குடியிருப்பீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டபோது, ‘இது என்ன அசட்டுக் கேள்வி, இரண்டும் ஒன்றுதானே’ என்ற ரீதியில் அலுத்துக்கொண்டே, பெரும்பாலும் எரியாத வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்.

‘மூளை நமக்கே தெரியாமல் பார்க்குமா’ என்று பொதுவாகவும் கேட்டிருந்தீர்கள். அடிபடாத மூளையிலும் இது ஓயாமல் நடக்கிறது. ஒரு எண்ணைத் திரையில் 43 மில்லி செகண்ட் காட்டி, முன்னும் பின்னும் எழுத்துக் குப்பையைப் போட்டு மறைத்துவிட்டால் யாருக்கும் அது தெரியாது. உடனே இன்னொரு எண்ணைத் தெளிவாகக் காட்டி, ஐந்தைவிடப் பெரியதா சிறியதா என்று கேட்டு, பெரியதற்கு ஒரு கை, சிறியதற்கு மறு கை என்று பொத்தான் அமுக்கச் சொல்கிறார்கள். பார்க்காத எண்ணும் பார்த்த எண்ணும் ஒரே பக்கம் இழுத்தால் பதில் கொஞ்சம் சீக்கிரம் வருகிறது. எதிரெதிராக இழுத்தால் தாமதம். வித்தியாசம் ஒரு நொடியின் நூறில் இரண்டு, மூன்று பங்குதான். ஆனால் பார்க்காத எண்ணுக்கு ஏற்ப, கையை அசைக்கும் மூளைப் பகுதி வேலையைத் தொடங்கிவிட்டிருந்ததை, பிரான்ஸில் ஸ்டானிஸ்லாஸ் டிஹேனும் சகாக்களும் 1998 இல் அளந்து காட்டினார்கள். அதாவது எண்ணைப் படித்து, பெரிது சிறிது என்று நிறுத்துப் பார்த்து, கைக்கு உத்தரவும் போகத் தொடங்கிவிட்டது. உரியவருக்கு மட்டும் தகவல் இல்லை.

அலுவலகத்தில் ஒரு மேசைக்கு வந்த ஃபைலை அந்த மேசை எழுத்தரே பார்த்து முடித்து அங்கேயே வைத்துவிடுவதற்கும், அதே ஃபைல் அலுவலகம் முழுக்கச் சுற்றுக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் என்று இதை வைத்துக்கொள்ளலாம். நாம் ‘உணர்ந்து’ பார்க்கும்போது செய்தி முன்மூளை, பக்கமூளை என்று பரவலாக எட்டுகிறது. பேச, நினைவில் வைக்க, யோசிக்க, திட்டமிடக் கிடைக்கிறது. உணராமல் பார்க்கும்போது அந்தந்த மேசையோடு நின்றுவிடுகிறது. பெர்னார்ட் பார்ஸ் 1988 இல் முன்வைத்த இந்தக் கோட்பாட்டுக்குப் போட்டிக் கோட்பாடுகள் உண்டு. ஆனால் உணராமல் கிடைத்த செய்தி குறுகிய வேலையைத்தான் செய்கிறது, சீக்கிரம் கரைந்தும் போகிறது என்பது சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. மறைத்துக் காட்டிய சொல்லுக்கும் அடுத்து வரும் சொல்லுக்கும் நடுவில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு தாண்டினாலே, முன்னதன் தாக்கம் கிட்டத்தட்ட மறைந்துவிடுவதாக ஆந்தனி கிரீன்வால்டின் குழு 1996 இல் கண்டது.

நொடியின் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காத ஒன்றை, ராத்திரி முழுக்க ஓதினால் செத்த மூளைத் திசு முளைக்கும் என்று விற்கிறார்கள். உங்கள் அண்ணன் இறக்கி வைத்திருப்பது அதைத்தான். (நடிக்கிறார் என்று நம்புகிறவர் எதற்காகப் பார்வை திரும்ப ஆடியோ தேடினார் என்று யோசித்தேன். அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. அதட்டுவதும் தேடுவதும் ஒரே பயத்தால்தான் இருக்கும்.)

இந்த வியாபாரத்தின் வேர் 1957 இல் இருக்கிறது. ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்க விளம்பர ஆய்வாளர், ஒரு தியேட்டரில் படம் ஓடும்போது யாருக்கும் தெரியாத வேகத்தில் ‘பாப்கார்ன் சாப்பிடுங்கள்’, ‘கோக்க கோலா குடியுங்கள்’ என்று காட்டியதாகவும் விற்பனை எகிறியதாகவும் அறிவித்தார். உலகமே மிரண்டது. 1962 இல் ஒரு பேட்டியில், தன் கையில் இருந்த தரவு அர்த்தமில்லாத அளவுக்குச் சொற்பம் என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தத் திருத்தம் யார் காதிலும் ஏறவில்லை. கதை மட்டும் இன்னும் ஓடுகிறது. பிற்பாடு ஒழுங்காகச் செய்த சோதனைகளில் கொஞ்சம் விளைவு தெரிந்ததுண்டு. 2006 இல் நெதர்லாந்தில் நடந்த ஒன்றில், ஒரு பானத்தின் பெயரைக் கண்ணுக்குத் தெரியாமல் காட்டியபோது, ஏற்கெனவே தாகமாக இருந்தவர்கள் மட்டும் உடனடியாக அந்தப் பானத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தார்கள். தாகமில்லாதவரைக் குடிக்க வைக்க அதால் முடியவில்லை.

ஆடியோவுக்கே நேரடிச் சோதனையும் உண்டு. அதே கிரீன்வால்டும் சகாக்களும் 1991 இல் வெளியிட்டது. கடையில் விற்ற கேசட்டுகளை வாங்கினார்கள்: சில ஞாபகசக்திக்கு, சில தன்னம்பிக்கைக்கு, எல்லாமே கேட்காத குரலில். பாதிப் பேருக்கு லேபிளை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். வாரக்கணக்கில் கேட்டபின் அளந்து பார்த்தால், ஞாபகமோ தன்னம்பிக்கையோ கேசட்டில் இருந்த செய்தியால் கூடவில்லை. ஆனால் பலர் தங்களுக்கு முன்னேற்றம் தெரிகிறது என்றார்கள், லேபிளில் என்ன எழுதியிருந்ததோ அதில்!

ஆகவே ஆடியோ வேண்டாம். பணம் போனது போகட்டும். என் கவலை தூக்கம். தூங்கும் மூளை காதை மூடிக்கொள்வதில்லை. இரவெல்லாம் ஓடும் சத்தம் தூக்கத்தைக் கலைக்கும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு நல்ல தூக்கம் அவருக்கு மருந்துக்குச் சமம். அதோடு, ‘பார்வை திரும்புகிறது’ என்று காத்திருந்து அது திரும்பாவிட்டால், தன் மனம்தான் பலவீனம் என்று அவர் எடுத்துக்கொள்வார்.

கூச்சப்பட்டுக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் முக்கியமானது அதுதான். பார்வை போன பக்கத்தில் காட்டிய முகம் சிரிக்கிறதா, பயந்திருக்கிறதா என்பதை, முகமே தெரியாத ஜி.ஒய். என்ற நோயாளி ஊகத்தில் சரியாகச் சொன்னதாக 1999 இல் பியாட்ரிஸ் டி கெல்டரின் குழு எழுதியது. பத்து ஆண்டு கழித்து இன்னொரு ஆய்வில், இருண்ட பக்கத்தில் சிரித்த முகத்தையும் பயந்த முகத்தையும் காட்டி, நோயாளிகளின் முகத் தசைகளில் மின்முனை வைத்து அளந்தார்கள். சிரித்த முகத்துக்குச் சிரிப்புத் தசையும், பயந்த முகத்துக்குப் புருவம் நெரிக்கும் தசையும் வெளியே தெரியாத அளவில் அசைந்தன. என்ன முகம் என்று கேட்டால் ‘முகமா?’ என்பவர்கள் அவர்கள். அந்தச் சோதனையில் டி.பி.யும் இருந்தார்.

இதை வைத்து, அண்ணி உதட்டைச் சுழித்தது அப்பாவுக்குப் பதிவாகிவிட்டது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அவ்வளவு நுணுக்கமான பாவனைக்கு இந்தப் பழைய பாதைகள் போதாது. ஆனால் அவருக்கு நல்ல காது இருக்கிறது, நல்ல வலப்பக்கப் பார்வை இருக்கிறது. பேச்சு நடுவில் நிற்பது, வலது பக்கம் நிற்கும் நீங்கள் திடுக்கிட்டு இடப்பக்கம் பார்ப்பது, எல்லாம் அவர் பார்க்கிறார். காரணம் புரியாத ஒரு சங்கடம் அவருக்குள் ஏறினால், ‘இந்த வீட்டில் எனக்கு மரியாதை இல்லை’ என்ற இடத்துக்குத்தான் அது போகும். அப்பா அண்ணனோடு பேசாததற்குக் காதில் விழுந்த அந்த ஒரு சொல் போதும்; ஜாடையும் சேரவேண்டுமா? அண்ணனிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அவர் அப்பாவிடம் நீளமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். ‘டாக்டர் சொன்னார், இப்படி ஆகுமாம்பா, எனக்குத் தெரியாம பேசிட்டேன்’ என்றால் போதும்.

இனி செய்ய வேண்டியவை. பார்வைப் புலம் தானாகத் திரும்புவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் நடக்கும். ஆறு மாதம் தாண்டினால் வாய்ப்பு குறைவு. அப்பாவுக்கு ஐந்து ஆகிவிட்டது. இருண்ட பக்கத்திலேயே அசையும் புள்ளிகளைக் காட்டி மாதக்கணக்கில் பழக்கி, பயிற்சி தந்த இடத்தில் கொஞ்சம் உணர்வை மீட்ட ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் அன்றாட வாழ்வுக்கு அது எவ்வளவு உதவும் என்பது இன்னும் உறுதியாகவில்லை. அதை நம்பிக் காத்திருக்கச் சொல்லமாட்டேன். இப்போதே பலன் தருவது, கண்ணையும் தலையையும் இடப்பக்கம் வேண்டுமென்றே பெரிதாகத் திருப்பித் துழாவும் பழக்கம். அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதை முறையாகக் கற்றுக்கொடுப்பார். அறைக்குள் நுழையும் முன் நின்று, இடது கோடி வரை ஒரு தடவை, பிறகு வலம். தட்டைப் பாதி முடிந்ததும் அவரே ஒரு சுற்றுத் திருப்பி வைத்துக்கொள்ளட்டும். வாசிக்கும்போது அடுத்த வரியின் தொடக்கம் கிடைக்காமல் திணறுவார். பக்கத்தின் இடது ஓரத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டையை வைத்துவிட்டு, ‘இது தெரியும் வரை திரும்புங்க’ என்று சொல்லுங்கள்.

இடப்பக்கத்திலிருந்து போகும்போது குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். திடீரென்று தோளைத் தொட வேண்டாம். நடைவழியைக் காலியாக வையுங்கள். ஒரு நாள் ஒதுங்கினார் என்பதால் மறுநாளும் ஒதுங்குவார் என்று கணக்குப் போட வேண்டாம், டி.என்.னுக்குப் பின்னாலேயே ஆள் போனதை மறக்காதீர்கள். எங்கே ஸ்டூல் வைத்தால் ஒதுங்குகிறார் என்று வீட்டில் சோதித்துப் பார்க்கும் ஆசை யாருக்கும் வர வேண்டாம். வண்டி ஓட்டுபவராக இருந்தால், பார்வைப் புலப் பரிசோதனை முடிந்து டாக்டர் எழுத்தில் சம்மதம் தரும்வரை சாவி அவர் கையில் போகக் கூடாது. இது கடினமான பேச்சு. பிள்ளைகள் சொல்வதைவிட டாக்டர் வாயால் வரட்டும்.

இருண்ட பக்கத்தில் பூ, கோலங்கள், முகங்கள் எதாவது தெரிவதாக அவர் சொன்னால் பதற வேண்டாம், பேயோட்டவும் வேண்டாம். உள்ளீடு நின்றுபோன மூளைப் பகுதி தானாகப் படம் போடுவது உண்டு. அடுத்த முறை டாக்டரிடம் சொன்னால் போதும். ஆனால் புதிதாகப் பார்வை மங்கினால், வாய் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கவும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுத்த மாத்திரைகளை, அவர் நன்றாக இருக்கிறார் என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.